தொடாத வைத்தியம்: தொலைபேசி மருத்துவம் யாருக்கு வசதி, யாருக்கு ஒதுக்கல்?

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் ஒன்றிய அரசு தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டியையும் வெளியிட்டது. அதுவரை ஒரு மருத்துவர் நோயாளியை நேரில் பார்க்காமல் தொலைபேசியிலோ காணொளியிலோ விசாரித்து மருந்துச் சீட்டு எழுதலாமா, கூடாதா என்பதில் தெளிவான விதி கிடையாது. அன்றைக்கு அது விதியாயிற்று.

மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 13 அன்று, வீட்டிலிருந்தபடியே அரசு மருத்துவரிடம் பேசும் ‘இ-சஞ்சீவனி’ வெளிநோயாளர் சேவை தொடங்கியது. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குள் நாடு முழுவதும் ஒன்றரை லட்சம் ஆலோசனைகள் முடிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு, சுமார் 32,000 ஆலோசனைகளோடு.

பெருமைப்படக்கூடிய செய்திதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்று வந்துவிடுமோ என்று ஊரே அஞ்சிக் கிடந்தபோது, பேருந்தும் ஓடாதபோது, அரசு மருத்துவரின் குரல் வீட்டுக்கு வந்தது சின்ன விஷயமல்ல. ஆனால் சாதி ஒழிப்பு பேசுகிற நாம் எந்த எண்ணிக்கையைப் பார்த்தாலும் அடுத்ததாக ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அந்த 32,000 பேர் யார்? தொலைபேசியில் மருத்துவரை அடைந்தது யார்? தொற்றுக்கு நடுவே நடந்தே போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றது யார்? இரண்டும் இல்லாமல் வீட்டிலேயே காய்ச்சலோடு படுத்துக் கிடந்தது யார்?

பெருந்தொற்று முடிந்துவிட்டது, இனி எதற்கு இந்தக் கேள்வி என்று யாரேனும் கேட்கலாம். பெருந்தொற்றுதான் போனது. தொலைபேசி மருத்துவம் போகவில்லை. அது நிரந்தரமாகிவிட்டது. ஆகவே இப்போதுதான் இந்தக் கேள்விக்கு அவசரம் கூடியிருக்கிறது.

தொலைபேசிக்கு முன்பே இருந்த தூரம்

மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையில் தூரம் வேண்டும் என்று 2020இல் சொன்னபோது, அது புதிய அனுபவம் என்று பலருக்கும் தோன்றியது. இந்த நாட்டில் யாருக்கு அது புதிது?

அண்ணல் அம்பேத்கர் தன் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். கத்தியவாரில் ஒரு கிராமத்தில் பணியாற்றிய தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த ஆசிரியர், 1929 டிசம்பர் 12 ‘யங் இந்தியா’ இதழில் எழுதிய கடிதம் அது. அவருடைய மனைவிக்குப் பிரசவம் ஆன இரண்டாம் நாளே உடல்நிலை மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்களிடம் போய் மன்றாடி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு ஒருவர் பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்கிறார். இரண்டு நாள் குழந்தையோடு அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். மருத்துவர் வெப்பமானியை ஒரு இஸ்லாமியரிடம் கொடுக்கிறார், அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் வெப்பமானி திரும்பி வருகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விடுகிறார். பிறகு மருந்து வந்தது. மருத்துவர் மறுபடி வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

தொடாமல், நெஞ்சில் காது வைத்துக் கேட்காமல், ஒரு எண்ணை மட்டும் பார்த்து நோயைச் சொல்லுவது. இதற்குத் தொலைபேசி தேவைப்படவில்லை. சாதியே போதுமானதாக இருந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை குறித்து ஆய்வு நடந்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குப் போக மறுத்தார்கள் என்று அது கண்டது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தலித் குழந்தைகளிடம் ஆய்வாளர் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. மருந்து கொடுக்கும்போதும் உடலைச் சோதிக்கும்போதும் தொடாமல் தவிர்க்கப்படுவதை அந்தக் குழந்தைகள் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே ‘நேரில் வரத் தேவையில்லை, தொலைபேசியில் சொன்னால் போதும்’ என்ற வாக்கியம் எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழாது. வேண்டும்போது மருத்துவரை நேரில் பார்த்துப் பழகியவருக்கு அது வசதி. தலைமுறை தலைமுறையாக எட்டி நிற்கவைக்கப்பட்டவருக்கு அது பழைய அனுபவத்தின் தொடர்ச்சியாகிவிடக்கூடும். ‘சமூக விலகல்’ என்ற சொல் 2020இல் ஊரெல்லாம் ஒலித்தபோது, சமூகத்திலிருந்து விலக்குவதுதானே சாதியின் வேலை, இதை உடல் இடைவெளி என்று சொல்லுங்கள் என்று தோழர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு சொல்லோடு நின்றுவிடக் கூடாது. மருத்துவ அமைப்புக்குள்ளும் அது போயாக வேண்டும்.

தொலைபேசி நம் எதிரியா?

இல்லை. இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தொழில்நுட்பம் என்றாலே சந்தேகப்படுவது நம் மரபல்ல. சுத்தமும் அசுத்தமும் கற்பித்த கிராமத்திலிருந்து ரயிலேறி நகரத்துக்குப் போகச் சொன்ன இயக்கம் நம்முடையது.

மாதாமாதம் பி.பி. மாத்திரையும் சுகர் மாத்திரையும் வாங்குகிற ஒருவர், உடம்பில் புதிய தொந்தரவு எதுவும் இல்லையென்றால், அதைச் சொல்வதற்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் ஆஸ்பத்திரி வரிசை என்பது சம்பளம் போகிற இடம். அவர்களுக்கு ஐந்து நிமிட அழைப்பு பெரிய உதவி. பரிசோதனை முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள, மாத்திரையின் பக்கவிளைவு பற்றிக் கேட்க, காய்ச்சல் வந்த குழந்தையை இப்போதே தூக்கிக்கொண்டு ஓடவேண்டுமா, காலையில் போனால் போதுமா என்று கேட்க, தொலைபேசி போதும். 104 என்ற எண்ணைத் தமிழ்நாட்டில் பலரும் இதற்காகத்தான் அழைக்கிறார்கள்.

மனநலம், பாலியல் நலம் போன்றவற்றில் முகம் தெரியாமல் பேசுவதே சிலருக்குத் தைரியம் தரும். காத்திருப்பு அறையில் ஊர்க்காரர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் இல்லை. உட்காரச் சொல்வார்களா, நிற்கவைப்பார்களா என்ற தவிப்பும் இல்லை. அவமானம் நடக்கிற இடத்துக்குப் போகாமலே வைத்தியம் கிடைப்பது சிலருக்கு விடுதலையாகவும் இருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது, வெள்ளைப்படுதல் பற்றி ஒரு பெண் மருத்துவரிடம் எங்கே நின்று பேசுவார்? அடிக்கிற கணவனின் போனில்தான் மருத்துவரை அழைக்க முடியும் என்றால், உடம்பில் உள்ள காயத்துக்கு அவர் என்ன காரணம் சொல்வார்? நேரில் வந்தால் செவிலியர் கண்ணில் படுகிற தழும்பு, அழைப்பில் படாது. காது மந்தமான முதியவருக்கு, தமிழ் தெரியாத ஒடிசாத் தொழிலாளிக்கு, தன் நோயை மருத்துவருக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லிப் பழக்கமில்லாதவருக்கு, குரல் மட்டும் போதாது. கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கி வேலை செய்தவரின் இருமலை யாராவது நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துத்தான் கேட்டாக வேண்டும்.

போனில் சாதி தெரியாது என்று நினைப்பதும் தவறு. பெயருக்கு அடுத்து முகவரி கேட்பார்கள். எந்தத் தெரு, எந்தக் காலனி என்று சொன்னதும் தெரிந்துவிடும். ‘காலனி’ என்ற சொல் இழிவின் குறியீடாக ஆகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதலமைச்சரே அறிவிக்க வேண்டியிருந்த மாநிலம் இது. காணொளி என்றால் வீட்டுச் சுவரும் கூரையும் சேர்ந்தே தெரியும்.

ஆக, ஒரே தொலைபேசி ஒருவருக்குக் கதவைத் திறக்கிறது, இன்னொருவருக்கு மூடுகிறது. யாருக்கு எது என்பதை நோய் மட்டும் தீர்மானிப்பதில்லை. வேலை, வீடு, பாலினம், வயது, மொழி, சாதி எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

பட்டன் போனுக்குக் களிம்பு கிடையாது

2020 வழிகாட்டியைப் படித்தவர்கள் குறைவு. அதில் மருந்துகளைப் பட்டியல்களாகப் பிரித்திருக்கிறார்கள். காய்ச்சல் மாத்திரை, உப்பு சர்க்கரைக் கரைசல் போன்ற பொதுவான மருந்துகளை எந்த வழியில் பேசினாலும் எழுதித் தரலாம். அடுத்த பட்டியலில் தோல் நோய்க்கான களிம்புகள், கண்ணுக்கும் காதுக்குமான சொட்டு மருந்துகள் முதலியவை வருகின்றன. முதல்முறை ஆலோசிக்கும் நோயாளிக்கு இவற்றை எழுத வேண்டுமானால் காணொளியில் பார்த்திருக்க வேண்டும். வெறும் குரல் அழைப்பு போதாது.

மருத்துவ நோக்கில் இதில் நியாயம் இருக்கிறது. தோலைப் பார்க்காமல் களிம்பு எழுதக் கூடாதுதான். ஆனால் விளைவு என்ன? ஸ்மார்ட்போனும் டேட்டாவும் உள்ளவருக்கு அன்றைக்கே களிம்பு. பட்டன் போன் வைத்திருப்பவருக்குக் காய்ச்சல் மாத்திரை மட்டும், மற்றதற்கு நேரில் வா என்ற பதில். ஊரடங்கில் நேரில் எப்படி வருவது? சாக்கடையில் நின்று காலில் புண் வந்தவருக்கும், செங்கல் சூளையில் கண் எரிந்தவருக்கும் தேவைப்பட்டது அந்த இரண்டாம் பட்டியல்தான்.

இ-சஞ்சீவனியில் நுழையும் வழியையும் பாருங்கள். கைபேசி எண்ணைப் பதிய வேண்டும். ஓ.டி.பி. வரும். அதை இட்டு, விவரங்களை நிரப்பி, டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். மருத்துவர் திரையில் வருவார். முடிந்ததும் மருந்துச் சீட்டு மின்வடிவில் வரும். படித்த இளைஞருக்கு இது ஐந்து நிமிட வேலை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு இதில் ஒவ்வொரு படியும் ஒரு சுவர்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு தரும் கணக்கு இது: இந்தியாவில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் 54 விழுக்காடு. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடுதான், ஆண்கள் 57 விழுக்காடு. தமிழ்நாடு இதைவிட மேல். இங்கே ஏறத்தாழ நான்கில் மூன்று பெண்களிடம் சொந்தக் கைபேசி இருந்தது. அப்படியிருந்தும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் பாதிக்கும் குறைவுதான். கைபேசி இருப்பதும் காணொளியில் மருத்துவரைப் பார்க்க முடிவதும் ஒன்றல்ல என்பதை இந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள பள்ளம் காட்டுகிறது. அந்தப் பள்ளத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல நமக்கு ஜோதிடம் தேவையில்லை.

கணக்கு எடுத்தவர்களுக்குத் தெரிந்தது

இதே கேள்வியை அமெரிக்காவில் ஆய்வாளர்கள் கேட்டார்கள். அவர்களால் கேட்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளியின் இனமும் மொழியும் காப்பீட்டு வகையும் பதிவாகின்றன.

பிலடெல்பியாவின் பெரிய மருத்துவ அமைப்பு ஒன்றில் 2020 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை தொலைமருத்துவத்துக்குப் பதிந்த 1,48,402 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். முதியோர், ஆங்கிலம் அல்லாத மொழி பேசுவோர், ஆசியர், ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இருப்போர் ஆகியோரால் ஆலோசனையை முடிக்க முடிந்தது குறைவு. முடித்தவர்களிலும் காணொளி யாருக்குக் கிடைத்தது, குரல் அழைப்பு யாருக்கு வாய்த்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். கருப்பின மக்கள், லத்தீன் மக்கள், பெண்கள், முதியோர், குறைந்த வருமானமுள்ளோர் காணொளியைப் பயன்படுத்தியது குறைவு.

கலிபோர்னியாவில் ஏழைகளுக்காக நடக்கும் 41 சமூக நல மருத்துவ அமைப்புகளின் கணக்கு இன்னும் தெளிவு. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அங்கே நடந்த முதல்நிலை மருத்துவ ஆலோசனைகளில் 48.5 விழுக்காடு தொலைபேசியில், 48.1 விழுக்காடு நேரில். காணொளி வெறும் 3.4 விழுக்காடு. ஏழை நோயாளிகளைப் பெருந்தொற்றில் மருத்துவத்தோடு பிணைத்து வைத்திருந்தது சாதாரணக் குரல் அழைப்புதான் என்பது இதிலிருந்து விளங்கியது. குரல் அழைப்புக்கு அரசுக் காப்பீடு தரும் கட்டணத்தைக் குறைத்தால் அடிபடப் போவது யார் என்றும் விளங்கியது. கணக்கு இருந்ததால் வாதாட முடிந்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது? ஆந்திரா இவ்வளவு, தமிழ்நாடு இவ்வளவு, இத்தனை லட்சத்தைத் தாண்டினோம் என்ற செய்திக் குறிப்புகள் இருக்கின்றன. அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர், அழைப்பு பாதியில் அறுந்துபோனது யாருக்கு என்ற கேள்விகளுக்கு அந்தக் குறிப்புகளில் பதில் இல்லை. சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று நாம் கேட்கும்போது, வேலைக்கும் கல்விக்கும் மட்டும் அதைக் கேட்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். மருத்துவருக்கு முன்னால் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்பதற்கும் அந்தக் கணக்கு வேண்டும்.

கருத்த விரலில் பொய் சொன்ன கருவி

தொலைவிலிருந்து பார்க்கும் மருத்துவம் எண்களை நம்பி நடக்கிறது. கொரோனா காலத்தில் அந்த எண் விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரிலிருந்து வந்தது. 94க்குக் கீழே போனால் சொல்லுங்கள் என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

2020 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு உண்மையை வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது, வெள்ளை நோயாளிகளைவிடக் கருப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. கருவி ஒளியை விரல் வழியே செலுத்தி அளக்கிறது. தோலின் நிறமி அந்த ஒளியில் குறுக்கிடுகிறது. கருத்த தோலில் எண் உண்மையைவிடக் கூடுதலாக வரக்கூடும்.

கருத்த உடல்கள் நிறைந்த நம் மண்ணில் இது என்ன பொருள் தருகிறது? போனில் 95 என்று சொன்னதைக் கேட்டு, பரவாயில்லை வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லப்பட்ட ஒருவர், நேரில் வந்திருந்தால் மூச்சு வாங்குவதும் உதடு நீலம் பாரிப்பதும் மருத்துவரின் கண்ணில் பட்டிருக்கும். எண் மட்டும் போதும் என்று நம்புகிற மருத்துவம், அந்த எண் யாருடைய உடலை வைத்து உருவானது என்று கேட்பதில்லை. கத்தியவாரில் வெப்பமானியை மட்டும் பார்த்துப் போன மருத்துவரும் எண்ணைத்தான் பார்த்தார்.

தேர்வு யார் கையில்?

இப்போது மையமான இடத்துக்கு வருவோம். 2020இல் பாதுகாப்பானது தொலைபேசி. வீட்டுக்குள் இருந்தபடி வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் வசதியுள்ளவர்கள். தூய்மைப் பணியாளரும், சந்தையில் மூட்டை தூக்கியவரும், தொற்று இருக்கிற இடம் என்று தெரிந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அல்லது போகாமலே இருந்தார்கள்.

தொற்று ஓய்ந்த பிறகு மதிப்பு இடம் மாறியது. இன்றைக்கு மதிப்புள்ளது நேரில் கிடைக்கும் நேரம். பத்து நிமிடம் உட்காரவைத்து, தொட்டுப் பார்த்து, கேட்டதற்குப் பதில் சொல்லும் மருத்துவர். பணம் உள்ளவர் அதைத் தனியார் மருத்துவமனையில் வாங்கிக்கொள்கிறார். மலைக்கிராமத்தில் மருத்துவர் இல்லையே என்று கேட்டால், தொலைமருத்துவம் இருக்கிறதே என்று பதில் வரும் காலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம். காலிப் பணியிடத்தை நிரப்புவதைவிடக் கணினித் திரையை மாட்டுவது மலிவு.

பாதுகாப்பு தொலைபேசியில் இருந்தபோது நம் மக்களுக்குத் தொலைபேசி எட்டவில்லை. தரம் நேரில் இருக்கும்போது தொலைபேசியைக் கையில் கொடுக்கிறார்கள். இரண்டு முறையும் தேர்வு செய்கிற உரிமை அதே மக்களிடம் இல்லை. எனவே தொலைபேசியா நேரிலா என்பதல்ல நம் விவாதம். எது வேண்டும் என்பதை நோயாளி சொல்ல முடிகிறதா என்பதே விவாதம்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசையல்ல. இங்கிலாந்தில் பெருந்தொற்றுக்கு முன் குடும்ப மருத்துவச் சந்திப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு நேரில் நடந்தன. 2020 ஏப்ரலில் அது பாதிக்கும் கீழே சரிந்தது. ஓராண்டு கழிந்தும் மக்கள் கதவுக்கு வெளியே நிற்கவைக்கப்படுகிறார்கள் என்ற குரல் எழுந்தது. 2021 மே மாதம் அங்குள்ள தேசிய சுகாதார சேவை, நேரில் பார்க்க வேண்டும் என்று நோயாளி கேட்டால், தக்க மருத்துவக் காரணம் இருந்தாலொழிய அதை மதிக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. நோயாளியின் விருப்பத்தை விதியாக எழுத முடியும் என்பதற்கு இது சான்று. இந்திய வழிகாட்டியோ, தொலை ஆலோசனையை எந்தக் கட்டத்திலும் நிறுத்திக்கொள்ளும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. நிறுத்திவிட்டு அவர் போவதற்கு ஒரு மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பற்றி அது பேசவில்லை.

நம் பக்கத்திலேயே வேறு பாதையும் தெரிகிறது. 2020இல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை வீட்டிலிருந்து நேரே அழைத்தவர்களால் வந்தது. ஆந்திராவின் எண்ணிக்கை பெரும்பாலும் நலவாழ்வு மையங்கள் வழியே வந்தது. அங்கே நோயாளி பக்கத்து மையத்துக்குப் போகிறார். பயிற்சி பெற்ற பணியாளர் அவரைத் தொட்டு, பி.பி. பார்த்து, காய்ச்சல் பார்த்து, தூரத்திலுள்ள மருத்துவரோடு இணைக்கிறார். ஓ.டி.பி. தெரிய வேண்டியதில்லை, ஸ்மார்ட்போன் வேண்டியதில்லை. மருத்துவர் தூரத்தில் இருந்தாலும் ஒரு மனிதக் கை பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் துணை சுகாதார நிலையங்களும் கிராம சுகாதார செவிலியர்களும் இதற்கு ஏற்கெனவே இருக்கும் அடித்தளம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதே திசையில் இன்னொரு அடி. பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலித்தணிப்புச் சிகிச்சையும் வீட்டில் கிடைக்கின்றன. சேரிக்குள் வர மறுத்த மருத்துவரின் நாட்டில், சேரித் தெருவுக்கு மருத்துவம் நடந்து வருவது சாதி ஒழிப்பு நோக்கில் எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் எல்லாத் தெருவுக்கும் வருகிறதா, எந்தத் தெருவில் வாசலோடு நின்றுவிடுகிறது, எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்கள் என்று கேட்கும் வேலை நம்முடையது. வெயிலில் வீடு வீடாக நடக்கும் பெண் தன்னார்வலர்களை ஊக்கத்தொகையில் வைத்திருப்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று, நேரில் மருத்துவரைப் பார்ப்பது நோயாளியின் உரிமை என்று விதியில் எழுதப்பட வேண்டும். தொலைபேசி கூடுதல் வழியாக இருக்கலாம், மாற்று வழியாக ஆகக் கூடாது. தொலைமருத்துவத்தைக் காட்டி ஒரு மருத்துவர் பணியிடத்தையும் காலியாக வைக்கக் கூடாது.

இரண்டு, தொலைமருத்துவச் சேவை எதுவானாலும் பட்டன் போனில், கட்டணமில்லா எண்ணில், பேச்சுத் தமிழில் கிடைக்க வேண்டும். காணொளி தேவைப்படும் இடத்தில் துணை சுகாதார நிலையத்தில் செவிலியரின் உதவியோடு, திரை மறைவோடு, அது நடக்க வேண்டும்.

மூன்று, யார் தொலைபேசியில், யார் நேரில், யாருக்கு அழைப்பு நிறைவேறவில்லை என்பதைச் சாதி, பாலினம், வயது, ஊர் வாரியாகத் திரட்டி வெளியிட வேண்டும். தனி நபர் அடையாளத்தைக் காப்பாற்றிக்கொண்டே இதைச் செய்யலாம்.

நான்கு, மருத்துவக் கல்வியில் தீண்டாமை ஒரு பாடமாக வேண்டும். நோயாளியைத் தொடாமல் தவிர்ப்பது, காலனிக்குப் போக மறுப்பது போன்றவை துறை ஒழுங்கு நடவடிக்கைக்கும், தக்க இடத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கும் உரியவை என்று ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் எழுதிவைக்க வேண்டும்.

தோழர்களே, இதில் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலையும் இருக்கிறது. உங்கள் ஊரில், உங்கள் தெருவில் பத்து வீடுகளுக்குப் போங்கள். கொரோனா காலத்தில் உடம்பு முடியாமல் போனபோது என்ன செய்தீர்கள், யாரிடம் பேசினீர்கள், மருத்துவர் தொட்டுப் பார்த்தாரா, இன்றைக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எழுதி வையுங்கள். கிராம சபையில் அதைப் படியுங்கள், தீர்மானமாக்குங்கள். அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது, தொலைபேசியில் பேசுவதா நேரில் போவதா என்று நம் தெருவில் இருப்பவர் தானே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை அவருக்காக அவருடைய சாதியும் சட்டைப்பையும் எடுத்துவிடக் கூடாது.